போர்க்களமும் ஒட்டுமரமும்
நோயெதிர்ப்பு அணுக்களைத் திருத்தும் ஆய்வு பற்றிய நம் சொல்லாட்சி: ஒரு திறனாய்வு

நோயாளியின் குருதியிலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்தெடுத்து, ஆய்வுக்கூடத்தில் அவற்றின் மரபுக்கூற்றில் ஒரு திருத்தம் செய்து, அவற்றைப் பெருகச் செய்து, அதே நோயாளியின் உடலில் மீண்டும் செலுத்தும் மருத்துவமுறை இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. குருதிப் புற்றுநோய்கள் சிலவற்றுக்கு இம்முறை நடைமுறைக்கே வந்துவிட்டது. எச்.ஐ.வி. போன்ற வைரஸ் நோய்களைப் பொறுத்தவரை அது ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக ஆய்வு நிலையிலேயே இருந்துவருகிறது.

இவ்வாய்வின் நுட்பத்தைத் தீர்ப்பிடுவது அறிவியலாரின் பணி. அதை நாம் எச்சொற்களால் பேசுகிறோம் என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படுவது. செய்தித்தாளில் வெள்ளணு ஒரு படைவீரன், திருத்தப்பட்ட வெள்ளணு புதிய ஆயுதம் தாங்கிய வீரன், வைரஸ் பகைவன், உடல் போர்க்களம். பிரசங்க பீடத்தில் நிற்கும் நாமும் இச்சொற்களை அப்படியே எடுத்துக்கொள்கிறோம். ஆவிக்குரிய போராட்டத்தைப் பற்றிப் பேசிப் பழகிய நாவுக்கு இவை எளிதில் வந்து வாய்க்கின்றன. ஆனால் கேட்போரிடையே அந்த வைரஸை உடலில் கொண்ட ஒருவர் அமர்ந்திருக்கக்கூடும். அவர் செவியில் இச்சொற்கள் எவ்வாறு விழும்? இக்கேள்விக்கு விடை காண, இத்துறையில் பெரிதும் மேற்கோள் காட்டப்படும் இரு நூல்களை முதலில் நோக்குவோம்.

1. சோன்டாக்கின் வாதம்

அமெரிக்க எழுத்தாளர் சூசன் சோன்டாக் 1978இல் ‘நோய் என்னும் உருவகம்’ எனப் பொருள்படும் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். காசநோயையும் புற்றுநோயையும் மேலை இலக்கியமும் மக்கள் வழக்கும் எவ்வாறு கற்பனை செய்தன என்பதே அதன் பொருள். காசநோய் நுண்ணுணர்வு மிக்கோரின் நோயாகப் போற்றப்பட்டது. புற்றுநோயோ உணர்ச்சிகளை அடக்கிவைத்தவரின் நோயாகக் கருதப்பட்டது. இரண்டும் நோயாளியின் குணத்தையே நோய்க்குக் காரணமாக்கின. இந்நூலை எழுதியபோது சோன்டாக் தாமே மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவராயிருந்தார். ஆயினும் நூலில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தம் கதையைச் சொல்வதைவிட ஒரு கருத்தை நிறுவுவதே பயனுடையது என அவர் எண்ணினார்.

1989இல் ‘எய்ட்ஸும் அதன் உருவகங்களும்’ எனப் பொருள்படும் இரண்டாம் நூல் வந்தது. உருவகமின்றி மனிதர் சிந்திக்க இயலாது என்பதை அதில் அவர் ஒப்புக்கொள்கிறார். ஆயினும் சில உருவகங்களை நாம் கைவிட வேண்டும் என்கிறார். அவற்றுள் அவர் முதலாவதாகக் கைவிட விரும்பியது போர் உருவகமே. அது நோயை மிகைப்படுத்துகிறது. சமுதாயத்தைத் தேவைக்கு மேல் கிளர்ந்தெழச் செய்கிறது. முடிவில் நோயுற்றோரையே விலக்கிவைக்கிறது. இவ்விலக்கலைக் குறிக்க அவர் ஆளும் ஆங்கிலச் சொல் திருச்சபை வழக்கிலிருந்து எடுத்தது: சபைநீக்கம். திருச்சபை சாராத ஓர் எழுத்தாளர் நம்முடைய ஒழுங்குமுறைச் சொல்லைக் கொண்டே இக்கொடுமைக்குப் பெயரிட்டார் என்பதை நாம் எளிதாகக் கடந்துபோகலாகாது.

2. சொல் விளைத்த தீங்கு

சோன்டாக்கின் கூற்று மேலைநாட்டுக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது 1986இல் நம் தமிழ்நாட்டிலேயே முதன்முதல் வெளிப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், மாணவி செல்லப்பன் நிர்மலா பாலியல் தொழிலில் அகப்பட்ட பெண்களின் குருதி மாதிரிகளைச் சேகரித்தார். சோதனை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்தது. மாதிரிகளை நிர்மலா தாமே இரயிலில் எடுத்துச் சென்றார். ஆறு மாதிரிகளில் தொற்று இருப்பது தெரியவந்தது. அமைதியாக, பொறுமையாகச் செய்யப்பட்ட பணி அது.

அதன் பின் தமிழில் பரவிய சொல்லோ ‘ஆட்கொல்லி நோய்’ என்பது. இச்சொல்லைச் சற்று நின்று நோக்குதல் தகும். ஆட்கொல்லி என்பது நம் வழக்கில் மனிதரைக் கொன்று பழகிய புலிக்கு இடும் பெயர். ஆட்கொல்லிப் புலி வந்ததென்றால் ஊர் என்ன செய்யும்? தடியும் தீப்பந்தமும் எடுத்துக்கொண்டு வேட்டைக்குப் புறப்படும். புலி காட்டில் இருக்கும்வரை இதில் பிழையில்லை. ஆனால் இந்தப் ‘புலி’ அண்டை வீட்டாரின் குருதியில் இருக்கிறது. அதை வேட்டையாடப் புறப்படுவோர் எந்த வீட்டின் கதவைத் தட்டுவர்?

1989இல் கோவாவில் இது நடந்தேவிட்டது. குருதிக்கொடை அளித்த டொமினிக் டிசூசா என்னும் இளைஞருக்குத் தொற்று உண்டெனத் தெரிந்தது. காவல்துறை அவரைக் கைதுசெய்து, பழைய காசநோய் மருத்துவமனை ஒன்றில் இரண்டு மாதத்திற்கு மேல் தனியே அடைத்துவைத்தது. அன்றைய கோவாச் சட்டம் அதற்கு இடங்கொடுத்தது. அவர் செய்த குற்றம் யாதொன்றுமில்லை. இத்தகைய பாகுபாட்டைத் தடைசெய்யும் நடுவணரசின் சட்டம் 2017இல்தான் இயற்றப்பட்டது. 2018 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.

வைரஸ் வேறு, காலம் வேறு, பழக்கமோ மாறவில்லை. 2020 ஏப்ரலில் கொரோனாத் தொற்றால் மரித்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் கல்லாலும் தடியாலும் தாக்கியது. உடன் பணியாற்றிய மருத்துவரே இரவில் மண்ணை அள்ளிப் போட்டுக் குழியை மூட நேர்ந்தது. அக்கூட்டம் வானத்திலிருந்து குதித்ததன்று. ‘கொரோனாவுக்கு எதிரான போர்’ என்று நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்த மக்கள் அவர்கள். போரில் பகைவனின் கோட்டை தகர்க்கப்பட வேண்டியது. பகைவன் தங்கிய உடல் அவர்களுக்குக் கோட்டையாய்த் தோன்றிற்று. அச்சமும் அறியாமையும் இதில் பெரும்பங்கு வகித்தன என்பது மெய்யே. ஆனால் அச்சத்துக்குக் கையில் கல்லெடுத்துக் கொடுத்தது அன்றாடம் வழங்கிய சொல்.

3. ஆய்வுக்கூடத்தில் உண்மையில் நடப்பது

போர் உருவகம் தீங்கு விளைத்தாலும் அது உண்மையைச் சொல்கிறதே என்று சிலர் வாதிடலாம். ஆதலால் ஆய்வையே நேரில் நோக்குவோம்.

எச்.ஐ.வி. தாக்குவது நோயெதிர்ப்பை நெறிப்படுத்தும் டி-அணுக்களை. அவ்வணுவின் மேற்பரப்பில் உள்ள சி.டி.4 என்னும் புரதத்தைப் பற்றிக்கொண்டு, பெரும்பாலும் சி.சி.ஆர்.5 என்னும் இன்னொரு புரதத்தின் வழியாக அது உட்புகுகிறது. சி.சி.ஆர்.5 உருவாகாதவாறு மரபுக்கூற்றில் ஒரு சிறு துண்டு விடுபட்டுப்போன மனிதர் சிலர் இருக்கின்றனர் என்பது 1996இல் அறியப்பட்டது. வட ஐரோப்பியருள் நூற்றுக்கு ஒருவர் அளவில், தாய் தந்தை இருவரிடமிருந்தும் இவ்வமைப்பைப் பெற்றுள்ளனர். நம்மவரிடையே இது மிக அரிது. அத்தகையோரிடம் வைரஸின் பெரும்பாலான வகைகள் நுழைய வழியில்லை. அவர்களுடைய அணுக்கள் போரில் வென்றவை அல்ல. வாயில் இல்லை, ஆகவே நுழைவும் இல்லை.

பெர்லினில் வாழ்ந்த அமெரிக்கர் திமொத்தி ரே பிரவுனுக்கு எச்.ஐ.வி.யோடு குருதிப் புற்றுநோயும் வந்தது. அவருடைய மருத்துவர் கெரோ ஹ்யூட்டர், சி.சி.ஆர்.5 இல்லாத ஒரு கொடையாளரைத் தேடிக் கண்டு, 2007இலும் 2008இலும் அவருடைய தண்டணுக்களை பிரவுனுக்குச் செலுத்தினார். மருந்து நிறுத்தப்பட்ட பின்னும் வைரஸ் திரும்பவில்லை. 2020 செப்டம்பரில் புற்றுநோய் மீண்டும் வந்து பிரவுன் மரித்தபோதும் அவரிடம் எச்.ஐ.வி. இல்லை. ஆயினும் உயிருக்கே ஆபத்தான இச்சிகிச்சையைப் புற்றுநோய் இல்லாத எச்.ஐ.வி. நோயாளிக்குச் செய்ய எந்த மருத்துவரும் துணியார்.

அப்படியானால் கொடையாளரைத் தேடாமல், நோயாளியின் சொந்த அணுக்களிலேயே அவ்வாயிலை அடைக்க இயலுமா? இக்கேள்வியோடு பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் கார்ல் ஜூன், பாப்லோ டெபாஸ் முதலியோர் அடங்கிய குழு ஆய்வு நடத்தியது. பன்னிருவரின் டி-அணுக்களை எடுத்து, மரபுக்கூற்றை வெட்டும் நொதியால் சி.சி.ஆர்.5ஐச் செயலற்றதாக்கி, ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ ஆயிரங்கோடி அணுக்களைத் திரும்பச் செலுத்தினர். அவற்றுள் ஒரு பகுதியே உண்மையில் திருத்தம் பெற்றிருந்தது. 2014இல் முடிவு வெளியாயிற்று. முறை பெரும்பாலும் பாதுகாப்பானதாயிருந்தது. ஆறு பேருக்குச் சில வாரங்கள் மருந்தை நிறுத்திப் பார்த்தபோது, வைரஸ் திரும்பியது. ஆனால் திருத்தம் பெறாத அணுக்களைவிடத் திருத்தம் பெற்றவை மெதுவாகவே குறைந்தன. ஒருவரிடம் மட்டும் வைரஸ் மீண்டும் மறைந்தது, அவரோ சி.சி.ஆர்.5 குறைபாட்டைப் பிறப்பிலேயே பாதியளவு பெற்றிருந்தவர்.

இதற்கு முன்னரே, எச்.ஐ.வி. தங்கிய அணுக்களை அடையாளங்காணும் செயற்கை ஏற்பி ஒன்றை டி-அணுக்களில் பொருத்திய ஆய்வுகளும் நடந்தன. 1998க்கும் 2005க்கும் இடையே நாற்பத்துமூன்று நோயாளிகள் அவற்றில் பங்கேற்றனர். பதினொரு ஆண்டுகளுக்குப் பின்னும் அவ்வணுக்கள் அவர்கள் உடலில் உயிரோடிருந்தன என 2012இல் அறிவிக்கப்பட்டது. நோய் அதனால் நீங்கிவிடவில்லை. ஆனால் மனிதர் கைபட்ட அணு ஒன்று மனித உடலில் பத்தாண்டுக்கு மேல் தீங்கின்றி வாழக்கூடும் என்பது நிறுவப்பட்டது.

இவ்வரலாற்றில் வெற்றி முழக்கத்துக்கு எங்கே இடம்? அடைத்தல், பொருத்துதல், பேணுதல், காத்திருத்தல் ஆகியவையே இதில் காணும் வினைகள். ‘இறுதிப் போர்’ என்று எழுதுவோர் இவ்வாய்வைப் பாராட்டுவதாக எண்ணிக்கொண்டு அதன் இயல்பையே மறைத்துவிடுகின்றனர்.

4. பகையும் கருவியும்

போர் உருவகம் தடுமாறும் இடங்கள் இன்னும் இரண்டு உண்டு.

முதலாவது: போரில் வீரரின் சினம் மிகுதோறும் நன்மை என எண்ணுவோம். மருத்துவமனையில் அவ்வாறன்று. திருத்தப்பட்ட டி-அணுக்களைக் கொண்டு புற்றுநோயைக் குணப்படுத்தும் கார்-டி சிகிச்சையில் மருத்துவர் அஞ்சுவது எதிர்ப்பின் மிகுதியையே. 2012இல் பிலடெல்பியாவில் இச்சிகிச்சை பெற்ற முதல் குழந்தை, தன் எதிர்ப்பணுக்கள் எழுப்பிய காய்ச்சற் புயலால் மரணத்தின் விளிம்புக்குச் சென்றது. மூட்டுவாத நோய்க்கு வழங்கும் மருந்து ஒன்றே அப்புயலை அடக்கி அதனைக் காத்தது. கொரோனாவிலும் இதையே கண்டோம். 2020 ஜூனில் பிரிட்டானிய ஆய்வு ஒன்று, எதிர்ப்பைத் தணிக்கும் டெக்சாமெத்தசோன் என்னும் விலைமலிந்த மருந்து, செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரிடையே மரணத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது எனக் காட்டியது. உடலைக் காத்தது சாந்தம்.

இரண்டாவது: வெள்ளணுவின் மரபுக்கூற்றுக்குள் புதிய குறிப்பைக் கொண்டுசேர்க்கும் சுமையாள் யார்? பல சிகிச்சைகளில் அப்பணியைச் செய்வது எச்.ஐ.வி.யிலிருந்து ஆக்கப்பட்ட ஊர்தியே. நோய் விளைக்கும் பகுதிகளை நீக்கிவிட்டு, அணுவினுள் நுழைந்து எழுதும் அதன் திறமையை மட்டும் வைத்துக்கொண்டனர். பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் டாட்டா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கி, 2023இல் ஒப்புதல் பெற்ற இந்தியாவின் முதல் கார்-டி சிகிச்சை இக்குடும்பத்து ஊர்தியையே பயன்படுத்துகிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அலோக் ஸ்ரீவஸ்தவாவின் குழு, குருதி உறையாமை நோயுள்ள ஐந்து பேரின் குருதித் தண்டணுக்களைத் திருத்திய முடிவை 2024 டிசம்பரில் வெளியிட்டது. அங்கும் ஊர்தி இதே குடும்பத்தைச் சேர்ந்தது. 1986இல் எச்.ஐ.வி.யை அடையாளங்கண்ட அதே வளாகம், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அதன் உறவை வேலைக்கு அமர்த்திற்று. பகைவன், வீரன் என்னும் இரு பெயர்களை மட்டும் கொண்ட மொழியில் இச்செய்தியைச் சொல்லவே முடியாது.

5. சோன்டாக் விட்ட இடம்

இதுகாறும் கண்டவை சோன்டாக்கை உறுதிப்படுத்துகின்றன. ஆயினும் அவருடைய நூலில் ஒரு குறை உண்டு. வெளியேற வேண்டிய உருவகத்தை அவர் காட்டினார். அவ்விடத்தில் எது வரவேண்டும் என்று சொல்லவில்லை. நோயை நோயாகவே காண்போம் என்பது கற்றோர்க்கு இயலும். ‘உங்கள் இரத்தத்தை எடுத்து, மாற்றி, திரும்ப ஏற்றப்போகிறோம்’ என்று கேட்டு நடுங்கும் தாய்க்கு ஏதேனும் ஓர் ஒப்புமை வேண்டும். நாம் கொடுக்காவிடில் செய்தித்தாளின் படைவீரன் அங்கே வந்து நிற்பான். வெற்று இடம் வெற்றிடமாகவே நீடிப்பதில்லை.

சோன்டாக்கின் இறுதி நாள்களையும் சிலர் அவர் வாதத்துக்கு எதிராகக் காட்டுவர். 2004இல் கொடிய குருதிநோய் வந்தபோது அவர் அடங்கிப்போகவில்லை. சியாட்டிலில் எலும்புமச்சை மாற்றுச் சிகிச்சைக்குத் தம்மை உட்படுத்தினார். அவ்வாண்டு டிசம்பர் 28இல் மரித்தார். போரை மறுத்தவர் போராடியே மரித்தார் என்பது அவர்கள் கூற்று. இது பொருந்தாது. அவர் மறுத்தது மருத்துவத்தையன்று, மருத்துவத்தைப் போரென்று அழைப்பதை. வாழ விரும்புவதற்குப் பகைவன் ஒருவன் தேவையில்லை.

இனி மருத்துவச் சொற்களின் வரலாற்றை நோக்கினால், போர் அங்கே பிந்தி வந்த விருந்தாளி என்பது புலப்படும். நோயெதிர்ப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் மூலம் சட்டத்துறையைச் சேர்ந்தது. பொதுக் கடமையிலிருந்தும் வரியிலிருந்தும் விலக்குப் பெற்றவனை அது குறித்தது. நம் கல்வெட்டுகளில் வரும் ‘இறையிலி’ என்னும் சொல் அதற்கு ஏறக்குறைய நேரானது. அம்மை வந்து மீண்டவர், மீண்டும் அவ்வரி செலுத்த வேண்டாதவர். உடலின் அணுக்களைக் காவற்படையாகக் காணும் வழக்கு, உருசிய அறிஞர் மெச்னிகாப் 1882இல் மெசினாவில் நட்சத்திர மீனின் இளவுயிர்களில் முள்ளைக் குத்தி, அதைச் சூழ்ந்த அணுக்களைக் கண்டதற்குப் பின்னரே வேரூன்றியது.

அம்மைக்குத் தடுப்பாகப் பாலைக் குத்திய பழைய முறைக்கு ஆங்கிலத்தில் வழங்கிய சொல்லோ தோட்டத்திலிருந்து வந்தது. ஒரு மரத்தின் கண்ணை இன்னொரு மரத்தில் பதிக்கும் கண்ணொட்டே அதன் மூலப்பொருள். 1717இல் துருக்கியிலிருந்து எழுதிய கடிதத்தில் மேரி மான்டேகு அம்மையாரும் இதை ஒட்டுக்கட்டுதல் என்றே அழைத்தார். ஆகவே, வைரஸ் நோய் ஒன்றைத் தடுக்க மனிதர் கைக்கொண்ட முதல் முறைக்கு இடப்பட்ட பெயரே ஒட்டு. நாம் புதிதாக ஓர் உருவகத்தைப் புனைய வேண்டியதில்லை. மறந்ததை மீட்டெடுத்தால் போதும்.

6. ஒட்டுமரம்

முத்தாண்டிக்குப்பத்திலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் ஒட்டுக்கட்டுதலை விளக்கவேண்டிய தேவை இல்லை. நெய்வேலி நிலக்கரி எடுக்கும் மண்ணுக்கு அண்டையிலேயே இச்செம்மண் முந்திரியையும் பலாவையும் விளைவிக்கிறது. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் முந்திரி இரகங்கள் ஒட்டுக்கன்றுகளாகவே உழவரிடம் வருகின்றன. விதையிலிருந்து எழுந்த இளங்கன்றின் தண்டைப் பிளந்து, நன்கு காய்க்கும் தாய்மரத்தின் குச்சியை ஆப்புப்போல் சீவிச் செருகி, நாடாவால் கட்டி, நிழலில் வைத்துக் காப்பர். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் இப்பகுதியின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்த பின், மீண்டும் எழுந்த தோப்புகளில் இக்கன்றுகளுக்குப் பெரும்பங்கு உண்டு.

இவ்வுருவகம் நான்கு வகையில் உண்மைக்கு அண்மையில் நிற்கிறது.

முதலாவது, ஒட்டில் பகைவன் இல்லை. வேர்க்கன்று தாழ்ந்ததுமன்று, குற்றமுள்ளதுமன்று. அதன் உயிரின்றி ஒட்டு வாழாது. நோயாளியின் உடல் போர்க்களமாயிராமல், ஒட்டைத் தாங்கும் வேராகிறது. செயற்கை ஏற்பி பொருத்திய டி-அணு அவருடைய அணுவே.

இரண்டாவது, ஒட்டுக்கு உழவர் கையும் காலமும் வேண்டும். எல்லா ஒட்டும் பிடிப்பதில்லை. பிடிக்காத ஒட்டுக்காக எவரும் கன்றின்மேல் பழி போடார். சிகிச்சை பலிக்காதவரை நோக்கி ‘போராடத் தவறினார்’ என்று, அல்லது அதைவிடக் கொடிதாக ‘விசுவாசம் போதவில்லை’ என்று சொல்லும் வாயை இது அடைக்கும்.

மூன்றாவது, இன்றைய அறநெறிக் கேள்விகளுள் கடினமான ஒன்றை ஒட்டு தெளிவாக்குகிறது. ஒட்டுமரத்தின் கொட்டையை நட்டால் தாய்மரத்தின் குணம் அப்படியே வராது என்பதை இங்குள்ள சிறுவரும் அறிவர். ஒட்டு அந்த மரத்தோடு நிற்பது; விதையோ தலைமுறைக்குச் செல்வது. பென்சில்வேனியாவில் திருத்தப்பட்ட வெள்ளணு அந்நோயாளியோடு முடிவது. 2018 நவம்பரில் சீன ஆய்வாளர் ஹெ ஜியான்குயி செய்ததோ வேறு. தந்தைக்கு எச்.ஐ.வி. உள்ள குடும்பத்தில், கருவிலேயே சி.சி.ஆர்.5ஐத் திருத்தி இரட்டைக் குழந்தைகள் பிறந்ததாக அவர் அறிவித்தார். உலக அறிவியலாரே அதைக் கண்டித்தனர். 2019 டிசம்பரில் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. திருத்திய மரபுக்கூறு ஒன்றே. ஆனால் பென்சில்வேனியாவில் நடந்தது ஒட்டு, சீனாவில் நடந்தது விதை. இன்னும் பிறவாதவர்களிடம் இசைவு கேட்காமல் அவர்தம் வழித்தோன்றல்களையும் அது கட்டுகிறது. ‘படைத்தவரின் வேலையில் மனிதன் தலையிடலாமா?’ என்று பொத்தாம் பொதுவாகக் கேட்டு, எல்லாத் திருத்தத்தையும் ஒரே மூச்சில் கண்டிப்பவருக்கு உழவரின் இவ்வேறுபாடு துணைசெய்யும்.

நான்காவது, திருமறையிலேயே இவ்வுருவகம் உண்டு. உரோமருக்கு எழுதிய நிருபத்தின் பதினோராம் அதிகாரத்தில் பவுல் ஒலிவ மரத்தில் ஒட்டப்பட்ட கிளையைப் பற்றிப் பேசுகிறார். அங்கே அவர் வலியுறுத்துவது ஒட்டப்பட்ட கிளை மற்றக் கிளைகளை இகழ்ந்து பெருமைகொள்ளலாகாது என்பதே. எபேசியர் ஆறாம் அதிகாரத்தின் போர்க்கவசத்தை நூறு முறை பிரசங்கித்த நாம், இவ்வொலிவ மரத்தை எத்தனை முறை நோயாளியின் படுக்கையண்டை கொண்டுசென்றிருக்கிறோம்? மேலும், எபேசியருக்கு எழுதியபோது பவுல், தம் போராட்டம் மனிதரோடு அன்று என்பதை முன்னரே எல்லையிட்டுக் கூறினார். அவ்வெல்லையை மறந்து கவசத்தை மட்டும் எடுத்துக்கொண்டோர் நாமே.

ஒட்டு உருவகமும் முழுமையானதன்று. சி.சி.ஆர்.5ஐ அடைத்த ஆய்வில் புதிதாக ஒட்டியது ஒன்றுமில்லை; ஒன்று நீக்கப்பட்டது. அதற்குக் கவாத்து என்னும் சொல்லே பொருந்தும். பிரவுனுக்கு நடந்த மாற்றுச் சிகிச்சையில் வந்தேறிய அணுக்களே தாங்கிய உடலைத் தாக்கக்கூடும். எந்த ஒட்டுக்குச்சியும் வேர்க்கன்றை அவ்வாறு தாக்குவதில்லை. நோயாளி செடியுமல்லர், கேள்வி கேட்கவும் மறுக்கவும் உரிமையுள்ளவர். உருவகம் ஒவ்வொன்றையும் அதன் எல்லையோடு கற்பிப்பதே ஆசிரியரின் கடமை. ஆயினும் உழவரின் சொற்கள் தவறும் இடத்தில் ஒருவருக்குக் குழப்பம்தான் நேரும். படையின் சொற்கள் தவறிய இடத்தில் கல் பறந்ததைக் கண்டோம்.

7. திருப்பணியாளருக்கு

மேற்கூறியவை சொல்லாராய்ச்சியோடு நிற்பனவல்ல. போர்மொழி மறைக்கும் இன்னொரு கேள்வி உண்டு: ஒட்டுக்கன்று யாருடைய தோட்டத்துக்குப் போய்ச் சேரும்? அமெரிக்காவில் முதல் கார்-டி சிகிச்சை 2017இல் 4,75,000 டாலர் விலையில் வந்தது. இந்தியச் சிகிச்சை அதில் ஒரு சிறு பங்கே ஆயினும், வெளிவந்தபோது 40 இலட்சம் ரூபாய் அளவில் இருந்தது. நாள்கூலிக்கு முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்ணுக்கு இரண்டு விலையும் ஒன்றே. போர்க்காலத்தில் செலவைக் கேட்பது துரோகமாகத் தோன்றும். தோட்டத்திலோ, நாற்று எத்தனை, யாருக்கு எத்தனை என்பதே முதற் கேள்வி. வருங்காலத்தில் வைரஸ் நோய்க்கு இத்தகைய சிகிச்சை வருமாயின், அக்கேள்வியை முன்கூட்டியே எழுப்ப வேண்டியவர் யாவர்? இக்கலையில் முன்நிற்கும் மருத்துவமனை ஒன்றை நம் திருச்சபைகளே தாங்கிவந்திருப்பதால், இதில் நமக்கு உரிமையும் பொறுப்பும் உண்டு.

அதுவரை இன்று கையிலிருப்பதைச் சிறுமைப்படுத்தலாகாது. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி.க்கான கூட்டுமருந்து இலவசமாக வழங்கப்படுகிறது. தொடக்கத்தில் தெரிந்தெடுக்கப்பட்டவற்றுள் தாம்பரம் மருத்துவமனையும் ஒன்று. இம்மருந்தைத் தவறாது உட்கொண்டு, குருதியில் வைரஸ் கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்தவர், பாலுறவின் வழி அதைப் பிறருக்குக் கடத்துவதில்லை என்பதை 2016, 2019 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வுகள் நிறுவின. அவர் மணஞ்செய்யலாம், மக்களைப் பெறலாம், திருவிருந்துப் பந்தியில் எவருக்கும் அடுத்து நிற்கலாம். ‘நோயை முற்றிலும் அழிக்கும் புதிய ஆயுதம் வந்துவிட்டது’ என்று மேடையில் முழங்கினால், அதை நம்பி இம்மாத்திரையை ஒருவர் நிறுத்தக்கூடும். பென்சில்வேனியாவில் மருத்துவர் கண்காணிப்பில் நிறுத்தியபோதே வைரஸ் திரும்பியது என்பதை நினைவிற்கொள்வோமாக.

ஆகவே திருப்பணியாளர் செய்யக்கூடியவை சில உண்டு. ‘ஆட்கொல்லி’ என்னும் சொல்லை நம் பேச்சிலிருந்தும் அச்சிலிருந்தும் நீக்கலாம். ஆய்வுச் செய்தியைச் சொல்லும்போது அது எத்தனை பேரிடம் செய்யப்பட்டது, எவ்வளவு காலம் நின்றது, என்ன விலை என்னும் மூன்றையும் சேர்த்துச் சொல்லலாம். குணமாதல் வேறு, கட்டுப்பாட்டில் வாழ்தல் வேறு என்பதைத் தெளிவாக்கி, இரண்டாவதையும் நல்வாழ்வாக மதிக்கக் கற்பிக்கலாம். ஜெபத்தில் நோயுற்றோரை நினைவுகூரும்போது, அவர்கள் உடலை எதிரியின் பாசறையாக அன்றி, பேணுவதற்கு நம்மிடம் ஒப்புவிக்கப்பட்ட தோட்டமாகக் கருதலாம். சபைநீக்கம் என்னும் நம் சொல்லைக் கொண்டு நோயாளிகளின் நிலையை விளக்க ஒருவருக்கு நேர்ந்தது. சபையில் சேர்த்துக்கொள்ளுதல் என்னும் சொல்லும் நம்முடையதே. அதை வழங்கும் பொறுப்பை வேறெவரும் நமக்காக ஏற்கமாட்டார்.